மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பெரிய தொட்டி



நான் குடியிருக்கும் ஆவடியில் ‘டாங்க்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று பொருள்கள் வழங்குகின்றன. பழைய ஆங்கில ஆவணங்களைப் புரட்டினால் நம் ஏரிகள் யாவும் டாங்க் என்றே குறிக்கப்பட்டிருக்கும். இவ்வூர்க் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ஆம் ஆண்டில் விஜயந்தா என்னும் பெயருடன் வெளிவந்த போர் ஊர்திக்கும் டாங்க் என்பதே இனப்பெயர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் அத்தகைய ஊர்தியை மறைவாகச் செய்தவர்கள், தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று சொல்லி வைத்ததனால் வந்த பெயர் அது. மூன்றாவது, மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர்கள் தம் முழங்கால்களுக்கு இடையே பற்றிக்கொள்ளும் பெட்ரோல் தொட்டி. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்த மூன்றாவதைப் பற்றி. மற்ற இரண்டையும் வேண்டும்போது துணைக்கு அழைத்துக்கொள்வேன்.

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையின் வண்டியொன்றில்தான் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிக்குச் சென்றுவந்தேன். அப்படிப்பட்டவன் பெட்ரோல் தொட்டியைப் பற்றிப் பேசுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் என் தங்கை மகன். மற்றொன்றைப் பின்னர்ச் சொல்வேன்.

அவனிடம் 2018ஆம் ஆண்டு வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டி இருந்தது. நல்ல தார்ச்சாலையிலும், கல்லும் மணலுமான பாதையிலும் ஒருங்கே செல்லுமாறு அமைத்த இருநிலை வண்டி அது. 1955ஆம் ஆண்டு இங்கிலாந்து நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைப் பூட்டத் தொடங்கிய தொழில், வளர்ந்து பெருகி, 2016ஆம் ஆண்டில் இவ்வண்டியை வெளியிட்டது. எஞ்சினின் அளவு 411 கன சென்டிமீட்டர். தொட்டி 15 லிட்டர் பிடிக்கும்.

2022ஆம் ஆண்டுப் பங்குனி மாதத்தில் ஒருநாள் மாலை அவன் என்னிடம் வந்து, “மாமா, ஆனி மாதம் லடாக் போகிறேன். இந்த டேங்க் போதாது. இதை அறுத்து, இரண்டு பக்கமும் தகடு வைத்து வெல்டிங் செய்தால் 22 லிட்டர் பிடிக்குமாம். பட்டறையில் ஒருவர் செய்துதருவதாகச் சொல்லியிருக்கிறார்” என்றான்.

“போதாது என்று யார் சொன்னது?” என்று கேட்டேன்.

“எல்லாரும் சொல்கிறார்கள்.”

எல்லாரும் சொல்லும் விடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது ஆசிரியனின் பழக்கம். தாளையும் பென்சிலையும் எடுத்தோம்.

மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் சாலையில் தண்டி என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவிக்கும் பலகை ஒன்று பல்லாண்டுகளாக நின்று, பயணிகளிடையே பெயர்பெற்றது. அவன் வண்டி நம் சமவெளியில் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வாறாயின் 15 லிட்டருக்கு 450 கிலோமீட்டர், கவலை இல்லை. ஆனால் மலைப்பாதையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறவேண்டும். ஆற்று நீரையும் சேற்றையும் கடக்கவேண்டும். லிட்டருக்கு 25 என்று குறைத்துக் கொண்டோம். தொட்டியின் அடியில் பம்பு எடுக்கமுடியாமல் தங்கிவிடும் பெட்ரோல் உண்டு. அதற்காக 1 லிட்டரைக் கழித்தோம். 14ஐ 25ஆல் பெருக்கினால் 350. பலகை சொல்லுவதோ 365. அவன் நண்பர்கள் கூறியது பொய்யன்று.

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? வழி தவறுதல், பாலம் உடைந்து சுற்றிச் செல்லுதல் ஆகியவற்றுக்கென ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 438 கிலோமீட்டர். அதற்கு 17½ லிட்டர். அடியில் தங்குவதையும் சேர்த்தால் 18½. அதாவது, குறைவது மூன்றரை லிட்டர். அவன் கேட்டது ஏழு லிட்டர். இந்த வேறுபாட்டை அவன் முன் வைத்தேன். ஹிமாலயன் வண்டியின் முன்புறத்தில், தொட்டிக்கு இருமருங்கிலும், சிறு கேன்களை மாட்டுவதற்கான இரும்புச் சட்டத்தை நிறுவனத்தாரே அமைத்திருந்தனர். 5 லிட்டர் கேன் ஒன்றைக் கொண்டு சென்றால் போதாதா?

பெரிய தொட்டியோடு பயணம் செய்த முன்னோர் இருக்கிறார்கள் என்பது அவன் வாதம். அது மெய்தான். 1977ஆம் ஆண்டு தியரி சபின் என்னும் பிரெஞ்சுக்காரர் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மோட்டார் சைக்கிளோடு வழிதவறி, உயிர் தப்பி மீண்டார். அவர் தொடங்கிய பாரிஸ்–டாக்கார் பந்தயம் 1978 டிசம்பரில் முதன்முறை புறப்பட்டது. அப்பந்தயத்தின் தூண்டுதலால் யமஹா நிறுவனம் 1983ஆம் ஆண்டில் சுமார் 30 லிட்டர் பிடிக்கும் தொட்டியுடன் டெனேரே என்னும் வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அடுத்த ஆண்டே பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 32 லிட்டர்த் தொட்டியுடன் ஒன்றை வெளியிட்டது. நம் நாட்டினரும் அப்பந்தயத்தில் பின்தங்கிவிடவில்லை. பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் 2015இல் அதனை முழுவதும் ஓடி முடித்த முதல் இந்தியராயினார். கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா 2024இல் அதன் ஒரு பிரிவில் முதலிடமே பெற்றார். பந்தய வண்டிகளில் பெட்ரோலை ஒரே தொட்டியில் குவிக்காமல், முன்னும் பின்னுமாகப் பிரித்துத் தாழ்வாக வைக்கின்றனர்.

நான் அவனுக்கு எங்கள் ஊர் டாங்கியைக் காட்டினேன். ஆவடியில் உருவான டி-72 வகைப் போர் ஊர்தியின் பின்புறத்தில், சுமார் 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாய்கள் இரண்டைக் கிடைமட்டமாக மாட்டுவதற்கு இடம் உண்டு. நெடுந்தொலைவு செல்லும்போது அந்த எண்ணெயை முதலில் செலவிடுவர். போர்முனை நெருங்கினால் பீப்பாய்களைக் கழற்றி எறிந்துவிடலாம். 40 டன்னுக்கு மேல் எடையுள்ள ஊர்தியைச் செய்தவர்களே, கூடுதல் எரிபொருளை வேண்டாதபோது விலக்கிவிடக்கூடிய சுமையாக வைத்தார்கள் என்பது கருதத்தக்கது.

அவனும் விடவில்லை. “காற்று வீசும் கணவாயில், விரல் மரத்த குளிரில், சூடான எஞ்சின் மீது கேனைச் சாய்த்துப் பெட்ரோல் ஊற்றுவது மட்டும் ஆபத்தில்லையா, மாமா?” என்றான். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. பெரிய தொட்டி வைப்பதற்கு ஒப்புக்கொண்டேன். ஆனால் பழைய தொட்டியை அறுத்து ஒட்டுவதற்கு மட்டும் ஒப்பவில்லை. அது ஏன் என்பதுதான் நான் முன்னர்ச் சொல்லாமல் விட்ட இரண்டாவது காரணம்.

1994ஆம் ஆண்டில் என்னிடம் பத்தாம் வகுப்புப் பயின்ற மாணவன் ஒருவன், தேர்வு முடிந்ததும் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தான். கைத்திறன் மிக்கவன். ஒருநாள் ஓட்டை விழுந்த பெட்ரோல் தொட்டி ஒன்று அங்கே வந்தது. முதல்நாள் மாலையே பெட்ரோலை வடித்துவிட்டு, கவிழ்த்து வைத்து, மறுநாட்காலை அவனிடம் கொடுத்தார்கள். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. நெருப்பைக் காட்டியவுடன் தொட்டி வெடித்தது. அவனுடைய இடக்கண் போயிற்று.

மருத்துவமனையில் அவனைப் பார்த்தபோது அவன் என்னிடம் கேட்டது ஒன்றே: “காலியாகத்தானே இருந்தது, ஐயா?” பெட்ரோல் எளிதில் தீப்பற்றும் நீர்மம் என்று ஒரே வரியில் சொல்லி அந்தப் பாடத்தை நான் கடந்திருந்தேன். அந்த ஒரு வரியைத்தான் அவன் என்னிடமிருந்து கொண்டு சென்றிருந்தான்.

அன்று வகுப்பில் சொல்லாததை இன்று சொல்கிறேன். பெட்ரோல் நீர்மமாக இருந்து எரிவதில்லை. எரிவது அதன் ஆவி. அந்த ஆவியும் காற்றோடு ஓர் அளவில் கலந்தால்தான் எரியும். நூறு பங்கு கலவையில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்குக்குக் குறைவாக ஆவி இருந்தால் தீப்பற்றாது; ஏழரைப் பங்குக்கு மேற்பட்டாலும், காற்றுப் போதாமையால் பற்றாது. நிறைந்த தொட்டியின் மேற்பகுதியில் ஆவி மிகுந்திருப்பதால், அந்தக் கலவை பெரும்பாலும் மேல் எல்லையைத் தாண்டியிருக்கும். வடித்து வைத்த தொட்டியிலோ, மடிப்புகளிலும் துருவிலும் ஊறிய சிறிது பெட்ரோல் மெல்ல ஆவியாகி, உட்புகுந்த காற்றோடு சேர்ந்து, வெடிப்பதற்கு உரிய அளவிலேயே நிற்கக்கூடும். காலியான தொட்டியே நிறைந்த தொட்டியைவிடக் கொடியது. மேலும், இந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்து போகாமல், தண்ணீர்போலத் தரையில் படிந்து ஊர்ந்து, பத்தடிக்கு அப்பாலுள்ள நெருப்பையும் சென்று பற்றும். பயன்படுத்திய தொட்டியில் வெல்டிங் செய்ய முறைகள் இருக்கின்றன. உட்புறத்தை நன்கு கழுவி, தண்ணீராலோ எரியாத வாயுவாலோ நிரப்பிக்கொண்டு செய்வர். அவை பயிற்சி பெற்றோர்க்கு உரியவை. நீங்களோ நானோ முயலத்தக்கன அல்ல.

அந்த மாணவர் இப்போது தொழிற்பேட்டையை அடுத்த ஒரு சந்தில் சொந்தமாகத் தகட்டுவேலைப் பட்டறை வைத்திருக்கிறார். தங்கை மகனை அவரிடம் அழைத்துச் சென்றேன். அவன் கேட்டதைக் கேட்டு முடித்ததும் அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், பிறகு அணிந்துகொண்டார். “தம்பி, புதுத் தொட்டி கொண்டு வாருங்கள், பூட்டித் தருகிறேன்” என்றார். அறுக்கும் பேச்சு அத்தோடு நின்றது.

வடமாநிலப் பட்டறை ஒன்றிலிருந்து, எஃகுத் தகட்டில் புதிதாகச் செய்த 22 லிட்டர்த் தொட்டியை அவன் வரவழைத்தான். அதைப் பூட்டுமுன் சட்டத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பதிவுச் சான்றிதழில் வண்டியின் வெற்றெடை குறிக்கப்பட்டிருக்கிறது. தொட்டி மாறினால் எடையும் மாறும். ஆகையால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் கேட்டு, பதில் கைக்கு வந்த பிறகே ஸ்பானரைத் தொட்டோம். அவனுக்கு வந்த பதிலே உங்களுக்கும் வரும் என்று கொள்ளலாகாது. அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் அலுவலகங்கள் இருக்கின்றன, சென்று கேளுங்கள்.

இனிப் பூட்டும் வேலை. முதலில் தொட்டியின் வாய்களையெல்லாம் அடைத்து, சைக்கிள் பம்பினால் மிக மெதுவாகச் சிறிது காற்றை ஏற்றி, ஒட்டுகளின் மேல் சோப்பு நுரையைப் பூசிப் பார்த்தார் பட்டறைக்காரர். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திப் பஞ்சர் பார்ப்பது போன்றதே இது. அடி மடிப்பில் ஓரிடத்தில் நுரை குமிழியிட்டது. தொட்டி திரும்பிச் சென்று, சரிசெய்யப்பட்டு, பத்து நாள் கழித்து வந்தது. இரண்டாம் முறை குமிழி இல்லை. பிறகு உள்ளே சிறிது பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி வடித்தபோது, ஒட்டு வேலையில் தெறித்த இரும்புப் பொடி ஒரு சிட்டிகை அளவு வந்தது. அது போகாமல் இருந்தால் பம்பின் சல்லடையை அடைத்துவிடும்.

கார்பரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் பெட்ரோல் தன் எடையினாலேயே கீழிறங்கும். குழாயைத் திருப்பினால் போதும். இப்போதைய வண்டிகளில் மின்சாரப் பம்பு ஒன்று தொட்டிக்குள்ளேயே அடியில் அமர்ந்து, பெட்ரோலை வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தில் எஞ்சினுக்கு அனுப்புகிறது. எனவே பம்பு அமரும் வாயும், அதன் ரப்பர் வளையமும் பழைய தொட்டியின் அளவோடு மயிரிழையும் பிசகாமல் பொருந்தவேண்டும். அந்த அழுத்தத்தில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் அது சூடான சைலன்சர் குழாயின் மேல் விழக்கூடும்.

பெரிய தொட்டிகளில் மற்றொரு சூழ்ச்சியும் உண்டு. வண்டியின் முதுகெலும்பாகிய சட்டத்தின் இருபுறமும், கழுதையின் மேல் போட்ட பொதிபோல, தொட்டி தொங்குகிறது. பம்பு ஒரு பக்கத்தில் இருந்தால், மட்டம் குறைந்தபின் மறுபக்கத்திலுள்ள பெட்ரோல் அங்கேயே நின்றுவிடும். 22 லிட்டர் என்று விற்பவர் சொல்லுவார். எஞ்சினுக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதை நாமே அளந்துதான் அறியவேண்டும். நாங்கள் லிட்டர் குடுவையால் ஒவ்வொன்றாக ஊற்றி, ஒவ்வொரு லிட்டருக்கும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டோம். பாதி என்று முள் காட்டியபோது உள்ளே 8 லிட்டரே இருந்தது. முள் பழைய தொட்டியின் வடிவத்துக்கு ஏற்பச் செய்தது. அது உயரத்தை அறியும், வடிவத்தை அறியாது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்மட்டம் 12 அடி என்று செய்தித்தாளில் படித்தால், ஏரி பாதி நிரம்பியதாக நாம் எண்ணுகிறோம். ஏரி மேலே செல்லச் செல்ல விரிவதனால், அப்போது இருப்பது பாதிக்கும் குறைவான நீரே.

தொட்டியைச் சட்டத்தின் மேல் வைத்து, ஹேண்டில்பாரை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தோம். வலப்புறம் திருப்பும்போது கைப்பிடிக்கும் தொட்டிக்கும் நடுவே விரல் நுழையவும் இடமில்லை. மணற்பாதையில் சட்டென்று திருப்ப நேர்ந்தால் கட்டைவிரல் நசுங்கும். தொட்டியைச் சிறிது பின்னுக்குத் தள்ளி அமைத்தோம். பழைய தொட்டி ரப்பர்க் கட்டைகளின் மேல்தான் அமர்ந்திருந்தது. புதியதற்கும் அவ்வாறே வைத்தோம். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்ச்சி நேரே தகட்டுக்குச் சென்றால், சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒட்டு விட்டுவிடும்.

வேலை முடிந்தது என்று எண்ணி, ஒரு ஞாயிறு விடியற்காலையில் அவன் தொட்டியை நிரப்பிக்கொண்டு பூந்தமல்லி வழியாகப் பெங்களூர்ச் சாலையில் புறப்பட்டான். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வண்டி இருமி, தடுமாறி, நின்றுவிட்டது. தொலைபேசியில் என்னை அழைத்தான். “மூடியைத் திற” என்றேன். திறந்தான், ‘உஸ்’ என்ற ஒலி எனக்கும் கேட்டது. வண்டி உடனே கிளம்பிற்று.

எண்ணெய் டின்னில் ஒரே துளை இட்டால் எண்ணெய் விட்டுவிட்டு வரும் என்பதும், எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது துளை இட்டால் ஒழுங்காக வரும் என்பதும் உங்கள் வீட்டுச் சமையலறையில் அறிந்தவை. வெளியேறும் எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். பெட்ரோல் தொட்டிக்கும் அத்தகைய மூச்சுக்குழாய் உண்டு. அது புதிய தொட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கி மடிந்திருந்தது. நிறைந்த தொட்டியில் மேலே இருக்கும் காற்று ஒரு லிட்டர் என்று கொள்வோம். முப்பது கிலோமீட்டரில் ஒரு லிட்டர் பெட்ரோல் செலவானால், அதே காற்று இரண்டு லிட்டர் இடத்தில் பரவவேண்டும். அழுத்தம் பாதியாகும் என்று பாயில் விதி கூறும். பெட்ரோலின் ஆவி அதை ஓரளவு ஈடுசெய்யுமேனும், பம்பு திணறுவதற்கு அது போதும். நிறைந்த தொட்டியிலேயே இக்கோளாறு விரைவில் தோன்றுவதும் இதனால்தான். தண்ணீர் இருந்தும் மதகு திறவாத ஏரிபோல ஆயிற்று வண்டி.

மூச்சுக்குழாய் காற்றை உள்ளே விடுவதற்கு மட்டும் அன்று. வெளியே விடுவதற்கும் வேண்டும். 5,000 மீட்டர் உயரக் கணவாயில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடே. சென்னையில் வாங்கிய வறுவல் பொட்டலம் அங்கே உப்பிப் பந்துபோல் ஆகிவிடுகிறது. தொட்டிக்குள்ளும் அப்படியே. வெயிலிலும் பெட்ரோல் பெருகும். 20 பாகை சூடேறினால் 22 லிட்டர் சுமார் 400 மில்லி லிட்டர் கூடுதலாகும். ஆகவே கழுத்துவரை நிரப்பலாகாது. ஏரிக்குக் கலங்கல் விட்டவர்கள் இதை அறிந்தவர்கள். அண்மைக்கால வண்டிகளில் இந்த ஆவி வெளியே சென்று காற்றைக் கெடுக்காதபடி, கரித்துகள் அடைத்த ஒரு குப்பியின் வழியே எஞ்சினுக்குத் திருப்பி விடுகிறார்கள். புதிய தொட்டியின் குழாயையும் அந்தக் குப்பியோடு இணைத்தாகவேண்டும். சிலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள் என்று பட்டறைக்காரர் வருந்தினார்.

குழாயை வேறு வழியாகக் கொண்டுசென்ற பிறகு அக்கோளாறு வரவில்லை. எடையைப் பற்றி மட்டும் ஒரு சொல். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. லிட்டர் முக்கால் கிலோவுக்குச் சிறிது குறைவு. கூடுதலான ஏழு லிட்டருக்கு ஐந்து கிலோ. கேட்பதற்கு அற்பம். ஆனால் அந்த ஐந்து கிலோ வண்டியின் உச்சியில், முன்சக்கரத்தை நோக்கி அமர்கிறது, நிலையாகவும் அமர்வதில்லை. அம்பத்தூர்ச் சாலைகளில் தண்ணீர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். நிறைந்த லாரி நேராகச் செல்கிறது. பாதி நிறைந்தது பிரேக் போடும்போது முன்னும் பின்னும் உந்துகிறது. அதனைத் தணிக்கவே லாரித் தொட்டிகளுக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகள் வைக்கின்றனர். நாங்கள் வாங்கிய தொட்டியில் அத்தகைய தடுப்பு ஒன்றே ஒன்று இருந்தது. பாதித் தொட்டியோடு மலை இறங்கும்போது முன் பிரேக்கை மெல்லப் பிடிக்கவேண்டும் என்று அவனுக்குப் பலமுறை சொன்னேன். மிதிவண்டிக்காரன் சொல்வதை அவன் எவ்வளவு கேட்டான் என்று நான் அறியேன்.

தொட்டி எஃகாகையால் மற்றொரு கவலையும் உண்டு. இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். நூற்றுக்கு இருபது பங்கு கலந்த பெட்ரோல் 2023ஆம் ஆண்டிலிருந்து விற்பனைக்கு வந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். பூச்சில்லாத தகடு உட்புறம் துருப்பிடிக்கும். லிட்டருக்கு லிட்டர் அதன் வெப்பம் பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கே. ஆதலால் இருபது பங்கு கலந்த 15 லிட்டர், வெப்பத்தைக் கொண்டு பார்த்தால், கலப்பற்ற 14 லிட்டருக்கே சமம். இன்று அதே கணக்கை மீண்டும் போடுவோர் இதையும் கழித்துக்கொள்ளவேண்டும்.

அவன் ஆனி மாதம் புறப்பட்டான். தண்டியில் நிரப்பிக்கொண்டு மூன்றாம் நாள் லே நகரம் சேர்ந்து, அங்கே மீண்டும் நிரப்பியபோது பிடித்த அளவை எனக்குச் செய்தியாக அனுப்பினான்: 14 லிட்டரும் 700 மில்லியும். பழைய தொட்டியோடு சென்றிருந்தால் ஊருக்கு வெளியே எங்கேனும் தள்ளிக்கொண்டு நடந்திருப்பான். 5 லிட்டர் கேன் ஒன்றிருந்தால் சிரமமின்றிப் போய்ச் சேர்ந்திருப்பான். இருவர் கூறியதும் சரியாயிற்று என்று அவன் எழுதியிருந்தான். ஏழு லிட்டரைக் கணவாய்களின் மேல் ஏற்றி இறக்கியது அவன் தோள்களுக்குத் தெரியும்.

திரும்பியதும் பழைய தொட்டியையே பூட்டிக்கொண்டான். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே 22 லிட்டர் எதற்கு? பெரிய தொட்டி இப்போது பட்டறையில், ஒரு பலகையின் மேல் இருக்கிறது. பம்பைக் கழற்றி, பெட்ரோலை முழுவதும் வடித்து, மூடியைத் திறந்து பல நாள் திறந்த வெளியில் ஆற வைத்த பின், துரு ஏறாதிருக்க உள்ளே சிறிது எஞ்சின் ஆயிலைச் சுழற்றி விட்டிருக்கிறார் பட்டறைக்காரர். அதன்மேல் சுண்ணக்கட்டியால், தம் பட்டறைப் பையன்கள் படிக்குமாறு, பெரிய எழுத்துகளில் எழுதியிருக்கிறார்: ‘காலி. நெருப்பு கூடாது.’